தக்கலைக்கும் தி.நகருக்கும் நடுவில்: ஒரே கல்லா வேலை, மூன்று சம்பளம்

தக்கலைக்குப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பி.காம். முடித்தவர். நாகர்கோவிலில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பில்லிங் கவுண்டரில் இருக்கிறார். சம்பளம் 12,000 ரூபாய், முழுவதும் ரொக்கமாகக் கையில். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இல்லை, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இல்லை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஏழரைக்கு விடுவார்கள், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. சென்னை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை 18,000 தருகிறேன் என்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, தங்க இடம் இலவசம், மெஸ்ஸுக்கு மாதம் 3,000 பிடிப்பார்கள், வேலை காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை, ஒன்றரை மணி நேரம் இடைவேளை. திருவனந்தபுரத்தில் ஒரு மருந்துக்கடை 15,500 என்கிறது, நேரம் இப்போது இருப்பது போலத்தான், வீட்டில் இருந்தே போய் வரலாம். "பில் போட்டுப் பணம் வாங்கிப் போடுகிற வேலை எல்லா ஊரிலும் ஒன்றுதானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம்மூரில் செலவு குறைவு, அதனால்தான் சம்பளம் குறைவு என்று முதலாளி சொல்கிறார், அது சரியா? நான் எங்கே போகட்டும்?" இதுதான் கேள்வி.

கடைகளுக்குச் சம்பளப் பட்டியலும் பி.எஃப். தாக்கலும் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் முதலாளி பக்கத்துக் கணக்கும் தெரியும், கவுண்டரில் இருக்கிற பிள்ளைகள் பக்கத்துக் கணக்கும் தெரியும். உங்கள் முதலாளி சொன்னது பாதிகூட சரியில்லை என்பது என் பதில். நம்மூரில் கேஷியர் சம்பளம் குறைவாக இருப்பது செலவு குறைவு என்பதால் அல்ல. கேஷியரின் செலவில் பெரும்பகுதியை அவருடைய அப்பா அம்மா சுமப்பதால். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் பேரம் பேசும்போது எந்த இடத்தில் நின்று பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் செலவு. நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் எதில் விலை வித்தியாசம் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பாருங்கள். போன் ரீசார்ஜ் ஒரே விலை. மாத்திரை அட்டையில் அச்சடித்த விலை எங்கேயும் ஒன்றுதான். சோப்பு, பவுடர், சானிட்டரி நாப்கின், செருப்பு எல்லாம் அப்படியே. கேஸ் சிலிண்டரில் வித்தியாசம் சொற்பம். மீன் நம்மிடம் பிடிபட்டாலும் விலையில் சல்லிசு கிடையாது. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் கரைக்கு வருகிற நல்ல மீன் கேரளச் சந்தைக்கு வண்டி ஏறுகிறது, அந்த விலைதான் நமக்கும். உண்மையில் பெரிய அளவில் மாறுவது ஒன்றே ஒன்று, வாடகை. அதிலும் வளைகுடாப் பணம் வந்து நிலத்தின் விலை ஏறிய ஊர் நம்முடையது. நாகர்கோவிலில் வெட்டூர்ணிமடம், செட்டிக்குளம் பக்கம் ஒரு நல்ல வீடு வாடகைக்குப் பார்த்தவர்களுக்கு அது சல்லிசான ஊர் என்று சொல்ல வாய் வராது.

வாடகை வித்தியாசத்தை அளக்க மத்திய அரசு ஒரு கோல் வைத்திருக்கிறது. அரசு ஊழியரின் வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்து மூன்று வகை. சென்னை முதல் வகை, அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். திருவனந்தபுரம், மதுரை, கோவை போன்றவை இரண்டாம் வகை, 20 சதவீதம். நாகர்கோவிலும் தக்கலையும் மூன்றாம் வகை, 10 சதவீதம். 2024 ஜனவரியில் இருந்து இந்த விகிதம். தபால் அலுவலகக் கவுண்டரில் புதிதாகச் சேரும் போஸ்டல் அசிஸ்டென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை 25,500. தக்கலையில் இருந்தால் வாடகைப்படி 2,550, தி.நகரில் இருந்தால் 7,650. அடிப்படையும் பஞ்சப்படியும் (விலைவாசிக்காகத் தரும் தொகை) இரண்டு ஊரிலும் ஒன்றேதான். அதாவது, வேலை ஒன்று என்றால் கூலியும் ஒன்று, ஊர் மாறினால் வாடகைக்கு மட்டும் கூட்டிக் கொடு என்பது அரசின் முறை. தனியார் கடைகளில் நடப்பது இது இல்லை. அங்கே கூலியே மாறுகிறது.

ஏன் மாறுகிறது என்றால், ஒரு கடை சம்பளத்தை முடிவு செய்யும்போது உங்கள் செலவைக் கணக்குப் போடுவதில்லை. இந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்குமா என்று மட்டும் பார்க்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். வீட்டுக்கு வீடு பட்டதாரி. முந்திரி ஆலையில் தோல் உரித்து மகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த மகள்கள் பி.காம்., பி.எஸ்சி., எம்.ஏ. என்று படித்துவிட்டு வந்தால், அவர்களை எடுத்துக்கொள்ளப் பெரிய தொழிற்சாலை கிடையாது, பெரிய கம்பெனிகள் கிடையாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை. இவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கத்தில், ஏசியில், கௌரவமான வேலை என்று ஒரு பில்லிங் கவுண்டர் காலியானால் பத்து விண்ணப்பம் வருகிறது. பதினொன்றாவது ஆளும் தயாராக இருக்கும்போது முதலாளி எதற்குக் கூட்டிக் கொடுப்பார்?

தி.நகர் நிலைமை நேர் எதிர். அங்கே பி.காம். படித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆடிட்டர் அலுவலகம், பி.பி.ஓ., வங்கி ஏஜென்சி என்று வேறு வழிகள் இருக்கின்றன. பன்னிரண்டு மணி நேரம் ஜவுளிக்கடையில் இருக்க அவர்கள் வருவதில்லை. அதனால் கடைக்காரர்கள் தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரி என்று ஆள் எடுத்து, தங்க வைத்து, சாப்பாடு போட்டு வேலை வாங்குகிறார்கள். ஊரை விட்டு வர ஒப்புக்கொள்ள வைப்பதற்கான தொகைதான் அந்த 18,000.

இன்னொன்றும் இருக்கிறது. நம்மூரில் கொத்தனார் கூலியைப் பாருங்கள். உங்கள் 12,000-த்தை 26 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 461 ரூபாய் வருகிறது. கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர்கூட இதைவிட அதிகம் வாங்குகிறார். காரணம் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை. நாட்டிலேயே கட்டட வேலைக்கு அதிகக் கூலி கொடுக்கும் மாநிலம் கேரளம், அது நமக்குக் கூப்பிடு தூரத்தில். இங்கே கூலி குறைத்தால் கொத்தனார் நாளைக்கே நெய்யாற்றின்கரைக்குப் போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அவருக்குக் கிட்டத்தட்ட அந்தக் கூலியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கவுண்டரில் இருக்கும் பெண்கள் அப்படி எல்லை தாண்டுவதில்லை. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், கடைசி பஸ்ஸை விடக் கூடாது, வீட்டில் கேள்வி கேட்பார்கள். கால் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிவதால் சம்பளமும் கட்டப்பட்டே இருக்கிறது. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. படிப்பில் மாநிலத்துக்கே முன்னால் நிற்கும் ஊரில் படித்த பெண்ணின் உழைப்புக்குத்தான் மதிப்பு குறைவாக இருக்கிறது.

வீடு சுமக்கிறது என்று சொன்னேனே, அதை ஒரு கணக்கில் பாருங்கள். ராதாபுரத்தில் இருந்தோ தூத்துக்குடியில் இருந்தோ ஒரு பெண் வந்து உங்கள் பக்கத்துக் கவுண்டரில் இதே 12,000-க்கு உட்காருகிறார் என்று வைப்போம். மகளிர் விடுதிக்குச் சாப்பாட்டுடன் 5,500 போனால் மீதி 6,500. சொந்தச் செலவு, ஊருக்குப் போய் வருவது எல்லாம் கழித்தால் வீட்டுக்கு அனுப்ப 4,000 தேறுவது கஷ்டம். அந்தச் சம்பளத்துக்கு அவர் வரமாட்டார். நீங்கள் வருகிறீர்கள், ஏனென்றால் கூரையும் சோறும் வீட்டில் இருக்கிறது. அந்தக் கூரைக்கான வாடகை கடைக்காரருக்கு மிச்சமாகிறது. "நம்மூரில் செலவு குறைவு" என்று அவர் சொல்வதன் உண்மையான பொருள் இதுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கடைகள், வணிக நிறுவனங்களுக்குத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் ஒன்று, அதோடு பஞ்சப்படி ஒன்று. காசாளர், கணக்கர், விற்பனையாளர் என்று வேலைவாரியாக அடிப்படை மாறும். இடத்தைப் பொறுத்தும் மாறும். மாநகராட்சியும் பெரிய நகராட்சிகளும் மேல் மண்டலம், சிறிய ஊர்கள் அதற்குக் கீழே. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. மார்த்தாண்டம் கடைவீதி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது குழித்துறை நகராட்சி. தக்கலை பத்மநாபபுரம் நகராட்சி. ஒரே முதலாளிக்கு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடை இருந்தால், உங்களை எந்தக் கிளையின் பட்டியலில் எழுதுகிறார் என்று கேட்டு வையுங்கள்.

பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் திருத்தப்படும். அது சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கவனியுங்கள், சென்னைக் குறியீடு. கன்னியாகுமரியில் பில் போடுகிறவருக்கும் பஞ்சப்படி சென்னை விலைவாசியைத் தொடர்ந்துதான் ஏறுகிறது. கேரளத்தில் வேறு முறை, அங்கே அந்தந்த மாவட்டத் தலைநகரின் விலைக் குறியீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். இதில் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. "விலைவாசி சென்னையில்தானே ஏறியது" என்று ஏப்ரலில் யாரும் உங்களிடம் சொல்ல முடியாது. ஏப்ரல் மாதச் சம்பளம் மார்ச் மாதச் சம்பளத்தைப் போலவே இருந்தால் கேட்கலாம். பல கடைகளில் பழைய தொகையையே மூன்று வருடம் ஓட்டுகிறார்கள், அதற்குள் அரசு நிர்ணயித்த தொகை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. தொழிலாளர் துறை வெளியிடும் புதிய பட்டியலில் காசாளர் வரியையும் பஞ்சப்படித் தொகையையும் கூட்டி, உங்கள் 12,000-த்துடன் ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்க அலுவலகம் இருக்கிறது, அங்கே மனு கொடுக்கலாம்.

இதைவிட முக்கியமானது நேரம். சம்பளத்தை ஒப்பிடுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. அப்படி ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் நாகர்கோவில் கடையில் இடைவேளை போக 9 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். 12,000-த்தை 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 57 ரூபாய் 70 காசு. இரட்டிப்பாக்கி 26 மணி நேரத்துக்குப் பெருக்கினால் 3,000 ரூபாய். அதாவது சட்டப்படி இப்போதே உங்களுக்கு 15,000 வர வேண்டும். தி.நகரில் இடைவேளை போக பத்தரை மணி நேரம், சட்டம் அனுமதிக்கும் உச்சத்தையே தாண்டுகிறது. நாளுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதல், மாதம் 65 மணி நேரம். 18,000-ஐ வைத்துக் கணக்குப் பார்த்தால் ஓவர்டைம் மட்டும் 11,250 வரும்.

இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். இரண்டு கடையும் ஓவர்டைமுக்குத் தனியாகத் தராமல் எல்லாவற்றையும் ஒரே தொகைக்குள் அடக்கியிருக்கின்றன. அந்த இரட்டிப்பு நேரத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, 8 மணி நேர வேலைக்கு மட்டும் எவ்வளவு தருகிறார்கள் என்று பார்த்தால் நாகர்கோவிலில் 9,600 ரூபாய், தி.நகரில் ஏறக்குறைய 11,080 ரூபாய். வித்தியாசம் 1,500-கூட இல்லை! 6,000 ரூபாய் அதிகம் என்று தெரிந்ததில் பெரும்பகுதி ஊருக்காகக் கிடைப்பது அல்ல, நீங்கள் கூடுதலாக நிற்கப் போகும் நேரத்துக்காகக் கிடைப்பது.

ஆனால் இந்தக் கணக்கை இதோடு நிறுத்தினால் சென்னைக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். பயண நேரமும் உங்கள் நேரம்தானே. தக்கலையில் இருந்து நாகர்கோவிலுக்கு ஒரு நடைக்கு முக்கால் மணி நேரம் என்றால் போக வர ஒன்றரை மணி நேரம், மாதம் 39 மணி நேரம். வேலை நேரம் 234. மொத்தம் 273. தி.நகரில் விடுதி கடைக்குப் பக்கத்திலேயே என்றால் பயணம் இல்லை, வேலை நேரம் மட்டும் 273. இரண்டும் சரிக்குச் சரி. திருவனந்தபுரத்துக்கு இரணியலில் ரயில் ஏறி இறங்கி, இரண்டு முனையிலும் பஸ் பிடித்து, ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம் குறையாது. 234-உடன் 91 சேர்ந்தால் 325 மணி நேரம்.

மாத முடிவில் என்ன மிஞ்சும்? நாகர்கோவிலில் 12,000. மகளிருக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை, அதனால் பயணச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். இந்தச் சலுகை நம் மாவட்டத்தில் கடை வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பெரிய ஆதரவு. மாதம் ஆயிரம் ரூபாய்ச் சம்பள உயர்வுக்குச் சமம் என்று நான் சொல்வேன். வீட்டுக்கு 3,000 கொடுக்கிறீர்கள், சாயா, ரீசார்ஜ், சில்லறைச் செலவு 1,000 என்று வைப்போம். மீதி 8,000.

திருவனந்தபுரத்தில் 15,500. நம் இலவசப் பேருந்து எல்லையோடு முடிந்துவிடும். சீசன் டிக்கெட், இரண்டு பக்கமும் பஸ், எல்லாம் சேர்த்து 1,500 போகட்டும். வீட்டுக்கு அதே 3,000, சில்லறை 1,000. மீதி 10,000. இப்போதைவிட 2,000 அதிகம், ஆனால் அதற்காக 52 மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். மணிக்கு 38 ரூபாய். இப்போது வேலை செய்யும் நேரத்துக்கு நீங்கள் வாங்குவதே மணிக்கு 51. வீடு குழித்துறை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்தால் யோசிக்கலாம். தக்கலையில் இருந்து வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு ரயில் தாமதமானால் வீடு சேர ஒன்பதரை ஆகும்.

சென்னையில் 18,000. மெஸ் 3,000. பி.எஃப். எந்தத் தொகைக்குப் பிடிக்கிறார்கள் என்பது கடைக்குக் கடை மாறும், 12,000-க்கு 12 சதவீதம் என்றால் 1,440. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 ரூபாய். கையில் 13,425. சொந்தச் செலவு அங்கே கூடும், 2,500. வருடத்துக்கு நான்கு முறை ஊருக்கு வந்தால், ஒவ்வொரு முறைக்கும் 2,000 என்று வைத்து மாதத்துக்கு 667. மீதி சுமார் 10,250. அதோடு பி.எஃப். கணக்கில் உங்கள் 1,440 மட்டுமல்ல, முதலாளி பங்கிலும் 440 சேரும். அவர் கட்டும் 1,440-இல் மற்ற 1,000 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். ஆக மாதம் 12,130 உங்கள் பெயரில் நிற்கிறது. அதே 273 மணி நேரத்துக்கு இங்கே 8,000.

இதில் எல்லாமே அந்த இலவசத் தங்குமிடத்தின் மேல் நிற்கிறது. அது ஆறு மாதத்துக்குத்தான், அப்புறம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் தனியார் விடுதியில் சாப்பாட்டுடன் 8,000 ஆகும் என்று வையுங்கள். மெஸ் பிடித்தம் போய், இது வரும். மீதி 5,258. பி.எஃப். சேர்த்தாலும் 7,138. இப்போது நாகர்கோவிலில் மிஞ்சுவதைவிடக் குறைவு. அதனால் தங்குமிடம் எவ்வளவு காலத்துக்கு, ஓர் அறையில் எத்தனை பேர், குளியலறை எத்தனை பேருக்கு ஒன்று, வார விடுமுறையில் வெளியே போக விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப் போய் அறையை நேரில் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன; அங்கிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. ஆனால் இரவு ஒன்பதரைக்குக் கடை விட்டு அவ்வளவு தூரம் தினமும் போவது பெரிய அலுப்பு.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் "பிடித்தம் இல்லாமல் முழுசா கையில தர்றாங்க" என்று சந்தோஷப்படுவதைப் பார்க்கிறேன். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடையில் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். நீங்கள் 0.75 சதவீதம் கட்டினால் முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். உடம்புக்கு முடியாமல் போனால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். நாளை கல்யாணமாகிக் குழந்தை பிறக்கும்போது 26 வாரம் முழுச் சம்பளம். 18,000 சம்பளத்துக்கு இது ஒன்றே லட்சம் ரூபாய் பெறும் விஷயம். 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பி.எஃப்.பும் கட்டாயம். உங்கள் சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு ஷிப்ட்டுக்கும் குடோனுக்கும் சேர்த்து எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை 20-ஐத் தொட்டால், உங்களுக்குத் தராமல் இருப்பது சலுகையும் இல்லை சிக்கனமும் இல்லை, உங்கள் பணத்தைத் தராமல் வைத்திருப்பது. போனஸும் 20 பேரில் இருந்துதான் கட்டாயம், குறைந்தது 8.33 சதவீதம். நம்மூரில் பல கடைகளில் கிறிஸ்துமஸுக்கு ஒரு துணியும் ஒரு கவரும் தந்து போனஸ் என்பார்கள். கவருக்குள் இருப்பதை எண்ணிப் பார்த்துக் கணக்குக் கேட்கலாம்.

கேஷியருக்கு என்றே இருக்கும் ஒரு வெட்டு, ஷார்ட்டேஜ். இரவு கல்லா எண்ணும்போது 300 குறைந்தால் சம்பளத்தில் கழிப்பது. அதிகமாக இருந்தால் அது கடைக்கு. மாதம் இரண்டு முறை நடந்தால் உங்கள் 12,000, 11,400 ஆகிவிடும். ஊர்ச் சம்பளத்தை ஒப்பிடும்போது இதையும் கேட்டே ஆக வேண்டும். தன் பொறுப்பில் இருந்த பணம் தன் கவனக்குறைவால் நேரடியாகப் போனால்தான் பிடிக்க முடியும், அதுவும் விளக்கம் சொல்ல வாய்ப்பு கொடுத்த பிறகு. ஒரே டிராயரில் இரண்டு பேரை மாற்றி மாற்றி உட்கார வைத்துவிட்டுக் குறைந்ததை உங்கள் தலையில் கட்டுவது சரியல்ல. ஷிப்ட் தொடங்கும்போது சில்லறையை எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், முடியும்போதும் அப்படியே. யு.பி.ஐ. வந்த பிறகு ரொக்கம் குறைந்து இந்தத் தொல்லையும் குறைந்திருக்கிறது. ஆனால் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் வருகிறார்கள். கடையின் மெஷினில் சத்தம் வந்த பிறகே பையைக் கொடுங்கள்.

நாற்காலி இருக்கிறதா என்றும் பாருங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது, ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதன் பலன் அது. பத்தரை மணி நேரம் நிற்பது இருபத்திரண்டு வயதில் தெரியாது, முப்பதில் காலில் நரம்பு புடைத்துக்கொண்டு தெரியும்.

மற்ற கவுண்டர்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகைக்கடைக் கேஷியருக்குச் சம்பளம் கூடுதல், ஆனால் ஜாமீன் கேட்பார்கள். ஆஸ்பத்திரி கேஷ் கவுண்டரில் இன்சூரன்ஸ் பில் தெரிந்தவருக்கு மவுசு இருக்கிறது. அது சூப்பர்மார்க்கெட்டில் இருந்து ஏறுவதற்கு நல்ல படி. கன்னியாகுமரி ஊரில் ஓட்டல் கல்லாவில் ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் கோடை விடுமுறையிலும் வேலை குவியும். 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்தபின் அந்த ஊர் இன்னும் பேசப்படுகிறது. மலையாளமும் கொஞ்சம் இந்தியும் பேசத் தெரிந்தால் அங்கே கூட்டிக் கேட்கலாம். தம்பிமார் வளைகுடா ஹைப்பர்மார்க்கெட்டுக்குப் போவதானால், அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் போக வேண்டாம்.

இனி உங்களுக்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தி.நகர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் முதலாளியிடம் பேசுவேன். "சென்னையில் 18,000 தருகிறார்கள்" என்று தொடங்கினால் அவர் உடனே செலவுக் கதையைச் சொல்லுவார். அப்படித் தொடங்க வேண்டாம். "தினமும் ஒன்பது மணி நேரம் நிற்கிறேன் அண்ணாச்சி, ஓவர்டைம் கணக்குப்படி 15,000 வருகிறது. 14,000 போட்டு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுங்கள், இங்கேயே இருக்கிறேன்" என்று கேளுங்கள். 14,000-இல் பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 105 போனால் கையில் 12,215. செலவு போக மிஞ்சுவது 8,215, பி.எஃப். கணக்கில் முதலாளி பங்கும் சேர்த்து 2,194. மொத்தம் 10,409. சென்னையின் 12,130-ஐவிட 1,700 குறைவு. ஊரில் இருந்து, வீட்டுச் சோறு சாப்பிட்டு, கிறிஸ்துமஸுக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் வீட்டில் இருப்பதற்கு அந்த 1,700 நியாயமான விலை என்று எனக்குத் தோன்றுகிறது. தி.நகர்க் கடையில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உங்களுக்கு லீவு கிடைக்காது, கடைக்கு அதுதானே சீசன்.

அவர் 12,000-இலேயே நின்றால் சென்னைக்குப் போங்கள், தயங்க வேண்டாம். இரண்டு வருடம் என்று கணக்கு வைத்துப் போங்கள். அதற்குள் பெரிய கடையின் பில்லிங் சாஃப்ட்வேர், டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டால், திரும்பி வரும்போது பில்லிங் கவுண்டருக்கு வராமல் கணக்குப் பிரிவுக்கு வரலாம். போகும் முன் பட்டச் சான்றிதழின் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். சேர்ந்த முதல் மாதமே உங்கள் யு.ஏ.என். எண்ணை, அதாவது பி.எஃப்.புக்கான உங்கள் நிரந்தர எண்ணைக் கேட்டு வாங்கி, அடுத்த மாதம் பி.எஃப். பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று போனிலேயே பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டு அங்கே கட்டாமல் இருந்தால், மூன்றாவது மாதத்துக்குக் காத்திராமல் அப்போதே கேளுங்கள்.